கிளிங்கான்களின் நெற்றிக்கு என்ன சமாதானம் சொல்வது?

கேள்வி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் ஓர் இளைஞருடையது. அவரும் அவருடைய பெரியப்பாவும் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர்களை முதலிலிருந்து வரிசையாகப் பார்த்து வருகிறார்களாம். கதையில் முன்னுக்குப் பின் முரணாக ஏதேனும் வந்து இவர் சுட்டிக்காட்டினால், பெரியப்பா அடுத்த நொடியே ஒரு காரணம் சொல்லி வாயை அடைத்துவிடுகிறாராம். "இப்படிச் சமாதானம் சொல்வது தொடரை நேர்மையாகப் பார்ப்பதா, எழுதியவர்களின் கவனக்குறைவுக்கு வக்காலத்து வாங்குவதா? நல்ல சமாதானத்தையும் சப்பைக்கட்டையும் எப்படிப் பிரித்தறிவது?" என்று கேட்டு, கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தாரின் நெற்றி உட்பட, தாம் கண்ட முரண்கள் சிலவற்றையும் எடுத்துக்காட்டாகத் தந்திருக்கிறார்.

சமாதானம் சொல்வதில் தவறே இல்லை. ஆனால் சொல்லப்படும் சமாதானம் பிழையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு பாத்திரத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதற்காக ஒரு மாற்றுப் பிரபஞ்சத்தையே கொண்டுவந்து நிறுத்துகிறவர், அடைத்த ஓட்டையைவிடப் பெரிய ஓட்டையைத் திறந்துவிடுகிறார். அதோடு, பிழை கதைக்குள் இருக்கிறதா, கதையை உருவாக்கிய மனிதர்களின் முடிவில் இருக்கிறதா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னது என்றால், கதைக்குள் அதற்குக் காரணம் தேடுவது வேண்டாத வேலை. சில வேளைகளில் தவறான வேலையும்கூட.

இந்தப் பழக்கம் விண்வெளித் தொடர்களோடு பிறந்ததன்று. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் டாக்டர் வாட்சனுக்குப் போரில் பட்ட குண்டுக்காயம் முதல் நாவலில் தோளில் இருக்கிறது, அடுத்த நாவலில் காலில் இருக்கிறது. ஜான் என்ற பெயர் கொண்ட அவரை ஒரு சிறுகதையில் மனைவியே ஜேம்ஸ் என்று அழைக்கிறார். 1911இல் ரொனால்ட் நாக்ஸ் என்பவர் ஆக்ஸ்ஃபோர்டில், இக்கதைகளை வேதநூலை ஆராய்வதுபோல் ஆராய்ந்து, பாதி வேடிக்கையும் பாதி வினையுமாக ஒரு கட்டுரை படித்தார்; அதன்பின் இது படித்தவர்களின் விளையாட்டாகவே வளர்ந்துவிட்டது. வாட்சனின் பெயர்ச் சிக்கலுக்கு டாரதி சேயர்ஸ் சொன்ன சமாதானம் இன்றும் எனக்குப் பிடித்தமானது. வாட்சனின் பெயர் நடுவே 'எச்' என்றொரு முதலெழுத்து வருகிறது; அது ஹேமிஷ் என்பதாக இருக்கலாம்; ஹேமிஷ் என்பது ஜேம்ஸ் என்ற பெயரின் ஸ்காட்லாந்து வடிவம்; ஆகவே மனைவி செல்லமாக அழைத்தது நடுப்பெயரைத்தான் என்றார் அவர். ஏற்கெனவே கதையில் இருந்த, யாருக்கும் பயன்படாமல் கிடந்த ஒரே ஓர் எழுத்தை எடுத்துக் காரியத்தை முடித்துவிட்டார். புதிதாக எதையும் உள்ளே நுழைக்கவில்லை. சிறியது என்று நான் சொல்வது இதைத்தான். (மார்வெல் காமிக்ஸில் ஸ்டான் லீ, பிழையைச் சுட்டிக்காட்டி அதற்குக் காரணமும் சொல்லும் வாசகர்களுக்கு, பரிசு என்று மேலே அச்சிட்ட வெற்று உறையை அனுப்பிவைத்தார். உழைப்புக்கு ஏற்ற கூலி.)

நேர்மையா என்ற கேள்விக்கு வருகிறேன். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக நேட்டாலுக்கு வந்து இறங்கிய ஒன்றரை லட்சம் பேருக்கும் பதிவேடு உண்டு: எண், பெயர், தந்தை பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. நம் குடும்பங்களில் மூதாதையரைத் தேடுகிறவர்கள் அந்த வரியைப் பிற்காலத்து ஆவணங்களோடு ஒப்பிடும்போது பெயரும் வயதும் அடிக்கடி இடறும். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார், வயது குத்துமதிப்பாகச் சொல்லப்பட்டது என்று காரணம் தேடுவார்கள். அங்கே எல்லா ஆவணங்களுக்கும் பின்னால், ஏதோ ஒரு நாளில் மெய்யாகவே பிறந்த ஒரு மனிதர் இருக்கிறார். காரணம் சரியா தவறா என்பதை அவரே, இல்லாதபோதும், தீர்மானிக்கிறார். ஸ்டார் ட்ரெக்கின் எண்டர்பிரைஸ் கப்பலை நடத்தும் கேப்டன் கிர்க்குக்குப் பின்னால் அப்படி யாருமில்லை. திரையில் காட்டப்பட்டதும் சொல்லப்பட்டதும்தான் கிர்க். ஆகவே தொடருக்குச் சொல்லும் சமாதானம் கண்டுபிடிப்பாகாது. அதுவும் ஒரு சிறு கற்பனைதான். பெரியப்பா சொல்வது உண்மையா என்று கேட்டால் விடை கிடைக்காது. பொருந்துகிறதா, எவ்வளவு செலவில் பொருந்துகிறது என்று கேட்டால் கிடைக்கும்.

பிழைகள் ஏன் வருகின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டார் ட்ரெக் 1966 செப்டம்பர் 8ஆம் நாள் அமெரிக்காவில் என்பிசி அலைவரிசையில் தொடங்கியபோது, வீட்டில் பதிவு செய்து திரும்பப் பார்க்கும் வசதி பார்வையாளருக்கு இல்லை. வாரத்துக்கு ஒன்று என்று எழுதிப் படமாக்க வேண்டும். எழுதுகிறவர்கள் பல பேர். எடுத்த வரிசை ஒன்று, ஒளிபரப்பிய வரிசை வேறு. எடுத்துக்காட்டாக, அலைவரிசைக்குக் காட்ட மாதிரியாக எடுக்கும் முன்னோட்டங்களில் (பைலட்) இரண்டாவதான எபிசோட் மூன்றாவது வாரத்தில்தான் ஒளிபரப்பானது. முதல் இரண்டு வாரங்கள் கப்பலின் மருத்துவர் டாக்டர் மெக்காயைப் பார்த்துப் பழகிய மக்கள், மூன்றாம் வாரம் பைப்பர் என்ற வேறொரு டாக்டரையும் வேறு மாதிரிச் சீருடைகளையும் கண்டார்கள். இதற்குச் சமாதானம் கதைக்குள்ளேயே தயாராக இருந்தது. அந்த எபிசோடில் வரும் ஸ்டார்டேட், அதாவது கதைக்குள் சொல்லப்படும் நாள் எண், 1312.4; முதலில் ஒளிபரப்பானதில் வருவது 1513.1. எண்ணின்படி பைப்பர் முன்னவர், மெக்காய் பின்னவர், முடிந்தது. 2002இல் வந்த ஃபயர்ஃபிளை தொடரில் இதைவிட மோசம்: பாத்திரங்களை அறிமுகப்படுத்தும் முதல் எபிசோடை டிசம்பரில் கடைசியாகப் போட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவில் பார்த்தவர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. இங்கே முறையான தொலைக்காட்சியே 1976 ஜனவரி 5ஆம் நாள்தான் தொடங்கியது. அதுவரை ஸ்பிரிங்பாக் ரேடியோதான் தொடர்க்கதைக்கு வீடு. பிறகு வந்த அமெரிக்கத் தொடர்கள் பலவற்றை ஆஃப்ரிகான்ஸ் குரல் கொடுத்து ஒளிபரப்பினார்கள். 1980களில் அவற்றின் மூல ஆங்கில ஒலியை ரேடியோ 2000இல் அதே நேரத்தில் தந்தார்கள். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து, பக்கத்தில் வானொலியைத் திருப்பிவைத்து, படம் ஒரு பெட்டியிலும் குரல் இன்னொரு பெட்டியிலுமாகப் பார்த்த தலைமுறை உங்கள் பெரியப்பாவினுடையது. ஆகவே அவர் நினைவில் இருக்கும் ஒரு வசனத்துக்கும் இன்று நீங்கள் கேட்கும் வசனத்துக்கும் வேறுபாடு தெரிந்தால், சமாதானம் தேடுவதற்கு முன் முரண் தொடரில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி உங்கள் கேள்வியிலிருந்த எடுத்துக்காட்டுகள். அந்த இரண்டாம் முன்னோட்டத்தில், கிர்க்கின் நண்பர் கேரி மிட்செல் தெய்வத்துக்கு நிகரான ஆற்றல் பெற்று, கிர்க்குக்குக் கல்லறைக் கல்லே செய்துவைக்கிறார். கல்லில் 'ஜேம்ஸ் ஆர். கிர்க்' என்று இருக்கிறது. பின்னாளில் எல்லாருக்கும் தெரிந்த பெயரோ ஜேம்ஸ் டி. கிர்க். படப்பிடிப்பின்போது நடுவெழுத்து இன்னும் முடிவாகவில்லை என்பதுதான் நடந்த கதை. கதைக்குள் சொல்லக்கூடியது: கல்லைச் செய்தவர் மிட்செல், தவறும் மிட்செலுடையது. தன்னைக் கடவுள் என்று அறிவித்துக்கொள்ளும் ஒருவர் நீண்டநாள் நண்பரின் முதலெழுத்தையே தவறாகப் பொறிக்கிறார் என்றால், அந்தக் காட்சி சொல்ல வந்த செய்திக்கு அது வலுவே சேர்க்கிறது. வேறு பிரபஞ்சம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பெரியப்பா அந்தக் கட்சியில் இருந்தால் தயவுசெய்து இந்தப் பக்கம் அழைத்து வாருங்கள்.

கான், செக்கோவ் விவகாரம் இன்னும் சுவையானது. மரபணு மாற்றத்தால் மேம்படுத்தப்பட்ட கொடுங்கோலன் கான் நூனியன் சிங் முதலில் தோன்றிய எபிசோட் 1967 பிப்ரவரி 16 அன்று ஒளிபரப்பானது. கிர்க்கின் கப்பலில் பணிபுரியும் செக்கோவாக நடித்த வால்டர் கேனிக் தொடரில் சேர்ந்ததோ அடுத்த பருவத்தில். மக்கள் அவரை முதலில் கண்டது 1967 செப்டம்பரில். ஆனால் 1982இல் வந்த திரைப்படத்தில் கான் செக்கோவைக் கண்டதும், ஒரு முகத்தைப் பார்த்தால் மறக்க மாட்டேன் என்று சொல்லி அவர் பெயரையும் சொல்கிறார். பார்க்காத முகத்தை எப்படி மறக்காமல் இருப்பது? கேனிக்கே இதற்கு ஒரு நகைச்சுவைக் கதை வைத்திருந்தார்: செக்கோவ் கப்பலின் கழிப்பறையை நெடுநேரம் விடாமல் வைத்துக்கொண்டு கானை வெளியே காக்கவைத்தாராம், அதை எப்படி மறக்க முடியும்?

ரசிகர்களிடம் வழக்கமாக இரண்டு சமாதானங்கள் உண்டு. கான் அந்த எபிசோடில் கப்பலின் தொழில்நுட்ப நூல்களையெல்லாம் மளமளவென்று படித்துத் தள்ளுகிறார்; அப்போதே பணியாளர் பட்டியலையும் படங்களோடு பார்த்திருக்கலாம் என்பது ஒன்று. செக்கோவ் அப்போதே கப்பலில் வேறு பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தார், நம் கண்ணில் படவில்லை என்பது மற்றொன்று. முதலாவது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் படத்தை மறுபடி பாருங்கள். கான் செக்கோவை அறிவதற்கு முன்பே செக்கோவ் கானை அறிகிறார். பாட்டனி பே என்ற, கானுடைய கப்பலின் பெயரைக் கண்ட கணத்திலேயே நடுங்கி, தன் கேப்டன் டெரலை இழுத்துக்கொண்டு தப்பியோடப் பார்க்கிறார். டெரலுக்கு ஒன்றும் புரியவில்லை. காட்சியின் அச்சமே இந்த ஒருவருக்கு மட்டும் தெரியும் என்பதில் இருக்கிறது. பட்டியலைப் பார்த்தார் என்பது கானின் பக்கத்தைத்தான் விளக்குகிறது. செக்கோவின் நடுக்கத்தை விளக்கவில்லை. வேறு பிரிவில் இருந்தார் என்பது இரண்டையும் ஒரே வீச்சில் விளக்குகிறது. அதற்குச் சான்றும் உண்டு: செக்கோவ் நடித்த எபிசோடுகளில் ஒன்றின் ஸ்டார்டேட் 3018.2, கான் வந்த எபிசோடின் ஸ்டார்டேட் 3141.9. எண்ணின்படி செக்கோவ் முன்பே கப்பலில் இருந்திருக்கிறார்.

ஸ்டார்டேட் என்பது கதை எந்த நூற்றாண்டில் நடக்கிறது என்று கட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக உண்டாக்கப்பட்ட எண். பழைய தொடரில் அது ஒளிபரப்பு வரிசையோடு பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. அதை அடித்தளமாக வைத்துப் பெரிய மாளிகை எழுப்பாதீர்கள். ஒரு மனிதர் சில மாதங்கள் முன்னதாகவே கப்பலில் இருந்தார் என்ற சிறிய சுமையை அது தாராளமாகத் தாங்கும்.

கிளிங்கான்களின் நெற்றிக்கு வருவோம். இந்தத் துறையின் மகாபாரதம் இதுதான். 1960களின் தொடரில் கிளிங்கான்கள் கறுத்த ஒப்பனையும் மீசையும் வைத்த மனிதர்கள், அவ்வளவுதான். 1979இல் முதல் திரைப்படம் வந்தபோது நெற்றியில் எலும்பு முகடுகள் முளைத்துவிட்டன. காரணம் யாருக்கும் தெரியாததன்று: தொலைக்காட்சிக்கு இல்லாத பணம் திரைப்படத்துக்கு இருந்தது. எப்போதும் அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள், நாம்தான் பார்க்கவில்லை என்று எண்ணிக்கொள்ளும்படி ரசிகர்களுக்குச் சொல்லப்பட்டது. அது போதவில்லை. கிளிங்கான்களில் இரண்டு இனங்கள் உண்டு, மனிதரோடு பழகுவதற்கென்று உண்டாக்கப்பட்ட கலப்பினம்தான் நெற்றி வழவழப்பாக இருக்கும் கூட்டம் என்றொரு விளக்கம் 1980களில் ரசிகர்களிடம் செல்வாக்குப் பெற்றது. திரையில் அதற்கு மறுப்பும் இல்லை.

1994இல் மறுப்பு வந்தது. ஸ்டார் ட்ரெக் வரிசையிலேயே பின்னர் வந்த டீப் ஸ்பேஸ் நைன் தொடரின் ஓர் எபிசோடில் பழைய தொடரின் மூன்று கிளிங்கான்கள், கோர், கோலோத், காங், அதே நடிகர்கள் நடிக்க, முதியவர்களாகத் திரும்பி வந்தார்கள். மூவர் நெற்றியிலும் முகடுகள். அன்று வழவழப்பாக இருந்த அதே ஆட்கள்! இரண்டு இனம் என்ற கொள்கை அன்றோடு செத்தது. சமாதானம் சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அதுவரை பிழை ஓர் இனத்தின் தோற்றத்தைப் பற்றியதாக இருந்தது; இப்போது மூன்று மனிதர்களின் வாழ்க்கையைப் பற்றியதாகிவிட்டது.

1996இல் அதே தொடர், பழைய எண்டர்பிரைஸ் கப்பலுக்குக் காலப் பயணம் செய்யும் எபிசோடில், பழைய காட்சிகளுக்குள் புதிய நடிகர்களைப் பொருத்தியது. புதிய தொடரின் கிளிங்கான் அதிகாரியான முகடுள்ள வோர்ஃப் அங்கே உட்கார்ந்திருக்கிறார். எதிரே வழவழப்பான கிளிங்கான்கள். உடன் வந்தவர்கள் வோர்ஃபைப் பார்க்கிறார்கள். மரபணு மாற்றமா என்கிறார் ஒருவர். வைரஸ் விளைவா என்கிறார் இன்னொருவர். வோர்ஃப் முகத்தை இறுக்கிக்கொண்டு, வெளியாட்களிடம் அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை என்று முடித்துவிடுகிறார். கரும்புத் தோட்டக் காலம் முதல் நேட்டாலில் ஆடப்பட்ட தெருக்கூத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அரசனின் கிரீடம் சரிந்தால் கட்டியங்காரன் உடனே அதையே ஒரு வேடிக்கையாக்கிச் சபையைச் சிரிக்கவைத்து, கூத்தை நகர்த்திவிடுவான். கிரீடம் சரிந்ததை அவன் மறைப்பதில்லை, அதற்கு வரலாறு எழுதுவதும் இல்லை. வோர்ஃப் செய்தது அதே வேலை. எனக்குத் தெரிந்து இத்துறையில் இதைவிடச் சிறிய, இதைவிட முழுமையான சமாதானம் இல்லை. கிளிங்கான்களின் மானவுணர்ச்சிக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

அதோடு விட்டிருக்கலாம். 2005இல் அதே வரிசையில் வந்த எண்டர்பிரைஸ் என்ற தொடர் இரண்டு எபிசோடுகள் எடுத்து முழு விளக்கமும் தந்தது. மேம்படுத்தப்பட்ட மனிதர்களின் மரபணுவைக் கிளிங்கான்கள் தங்கள் வீரர்களிடம் சோதித்தார்கள்; அது ஒரு வைரஸோடு கலந்து கொள்ளைநோயாகப் பரவியது; மருந்து உயிரைக் காத்தது, ஆனால் நோய் அழித்த முகடுகளைத் திருப்பித் தரவில்லை. மரபணு, வைரஸ் என்று 1996இல் வேடிக்கையாகக் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்பதே விடையாயிற்று. கோர் முதலியோர் முகடுகளை எப்படித் திரும்பப் பெற்றார்கள் என்பதற்கும், மண்டையோட்டுச் சீரமைப்பில் இனி நல்ல கிராக்கி இருக்கும் என்று ஒரு கிளிங்கான் மருத்துவரைச் சொல்லவைத்துக் குறிப்புக் கொடுத்துவிட்டார்கள். கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைவில்லை, அந்த மருத்துவரின் மனச்சாட்சியைப் பற்றிய பகுதி உண்மையிலேயே நன்றாக எழுதப்பட்டது. ஆனாலும் ஒப்பனைச் செலவில் தோன்றிய வேறுபாட்டுக்காக ஒரு பேரரசு முழுவதையும் கொள்ளைநோயில் தள்ளியது அதிகம் என்றே நினைக்கிறேன். 2017இல் வந்த டிஸ்கவரி தொடரில் கிளிங்கான்கள் மறுபடியும் வேறு உருவத்தில், தலையில் மயிரில்லாமல் வந்தபோது, 2005இல் கட்டியதெல்லாம் யாருக்கும் உதவவில்லை. போர்க்காலத்தில் தலையை மழித்திருந்தார்கள் என்று அடுத்த பருவத்தில் போகிறபோக்கில் ஒரு சொல் சொன்னார்கள். அந்தச் சொல் எனக்கு அதிகம் பிடித்தது.

டாக்டர் ஹூ தொடரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் சமாதானம் எங்கே பயனற்றுப்போகிறது என்பதற்கு அது நல்ல சான்று. 1963 நவம்பர் 23இல் பிபிசியில் தொடங்கிய அத்தொடரில் யூனிட் என்ற படைப்பிரிவின் கதைகள் எந்த ஆண்டுகளில் நடக்கின்றன என்பது தீராத வழக்கு. 1968இல் வந்த கதைகளில் சொல்லப்படும் இடைவெளிகளைக் கூட்டினால், 1935, அதன்மேல் நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள், பின்னும் நான்கு ஆண்டுகள் என்று 1979ஐ ஒட்டி வருகிறது. 1975இல் டாக்டரின் தோழி சாரா ஜேன், தான் 1980ஐச் சேர்ந்தவள் என்கிறாள், அதுவும் ஒத்துப்போகிறது. பிறகு 1983இல் வந்த கதையில், படைத்தலைவர் பிரிகேடியர் 1977இல் பள்ளி ஆசிரியராக இருக்கிறார். ஓய்வு பெற்றது 1976இல். கணக்கு அடியோடு கவிழ்ந்துவிட்டது. இரண்டு தரப்புக்கும் திரையில் தெளிவான சான்று இருப்பதால், ஒன்றைத் தள்ளாமல் மற்றதைக் காப்பாற்ற வழியில்லை. காலப் பயணத்தால் வரலாறு மாறிவிட்டது என்று சொல்லலாம்தான். இந்தத் தொடரில் எந்தப் பூட்டுக்கும் அந்தச் சாவி பொருந்தும். அட்லாண்டிஸ் மூன்று கதைகளில் மூன்று விதமாக அழிவதற்கும் அதுவே காரணம் என்று சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் திறக்கும் சாவியால் எந்த அறையைத் திறந்தோம் என்பதே தெரியாமல் போகும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை. 2008இல் தொடரின் நாயகனான காலப் பயணி டாக்டரே, யூனிட்டில் வேலை பார்த்தது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். அந்த ஒரு வரியை ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

பிழையில் இன்னொரு வகை, உலகமே தொடரை முந்திச் செல்வது. 1967இல் எழுதியவர்களுக்கு 1990கள் தொலைதூரம். கான் 1992 முதல் 1996 வரை உலகின் கால் பங்குக்கு மேல் ஆண்டதாகத் துணிந்து எழுதிவிட்டார்கள். அந்தக் கணக்கின்படி, 1994 ஏப்ரல் 27 அன்று நாம் நீண்ட வரிசைகளில் நின்று முதல் முறையாக வாக்களித்தபோது உலகப் போர் ஒன்று நடந்துகொண்டிருந்திருக்க வேண்டும். ஸ்டார் ட்ரெக் வரிசையின் வாயேஜர் தொடர் 1996இல் தன் பாத்திரங்களை அதே ஆண்டின் லாஸ் ஏஞ்சலிசுக்கு அனுப்பியது. அங்கே போரின் சுவடே இல்லை. 2001இலும் 2002இலும் வந்த இரண்டு நாவல்கள், அந்தப் போர் நாம் செய்தித்தாளில் படித்த நிகழ்ச்சிகளுக்குப் பின்னால் மறைவாக நடந்தது என்று சொல்லிப் பார்த்தன. உலகின் கால் பங்கை ஆண்ட ஒருவரை மறைவாக ஆளவைப்பது, அவரை ஒன்றுமில்லாதவராக்குவதற்குச் சமம். கானின் கம்பீரம் போய்விடுகிறது. 2023இல் ஸ்டிரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் தொடர் வேறு வழியில் போயிற்று: காலத்தில் தலையிடுகிறவர்களால் நிகழ்ச்சிகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன, கான் 21ஆம் நூற்றாண்டில் டொராண்டோவில் இன்னும் சிறுவன். காலப் பயணச் சாவி வேண்டாம் என்று இப்போதுதான் சொன்னேன். இங்கே மட்டும் விதிவிலக்குத் தருகிறேன். தேதியை மட்டும் நகர்த்தி, போரையும் அதன் கொடுமையையும் அப்படியே விட்டுவைத்ததால். அதை வெறும் வசனமாகச் சொல்லாமல், அந்தச் சிறுவனைக் கொல்வதா விடுவதா என்று ஒரு பாத்திரத்தை எதிரே நிறுத்திக் கதையாகவும் ஆக்கினார்கள்.

கதைக்குள் விளக்கவே கூடாதது என்று நான் சொன்ன வகையும் கானைப் பற்றியதுதான். 1967இல் அவரைப் பார்க்கும் வரலாற்று அதிகாரி, வட இந்தியப் பகுதியைச் சேர்ந்தவர், சீக்கியராக இருக்கலாம் என்கிறார். நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிகார்டோ மொந்தால்பான். அன்றைய ஹாலிவுட்டின் வழக்கம் அது. 2013இல் வந்த திரைப்படத்திலோ அதே கானாக வெள்ளைத் தோலும் ஆங்கிலேய உச்சரிப்புமாக பெனடிக்ட் கம்பர்பேட்ச் வந்தார். பிறகு வந்த காமிக்ஸ், அவருடைய முகத்தையும் நினைவையும் மாற்றிவிட்டார்கள் என்று காரணம் சொன்னது. தர்க்கப்படி அதில் ஓட்டை இல்லை. ஆனால் இந்தியப் பெயர் கொண்ட, ஆற்றலும் அறிவும் மிக்க ஒரு பாத்திரத்துக்கு 2013இலும் இந்திய முகம் கிடைக்கவில்லை என்பது கதையின் பிழையன்று. அது நடிகரைத் தேர்ந்தெடுத்தவர்களின் முடிவு. எந்த வேலைக்கு எந்தத் தோல் என்று சட்டமே எழுதிவைத்திருந்த நாட்டில் வளர்ந்த நமக்கு, அதைச் சிகிச்சை என்று சொல்லிக் கடந்துபோவது கூச வேண்டிய செயல். பெரியப்பாவிடம் இதற்கும் ஒரு காரணம் இருந்தால், இந்த ஓரிடத்தில் அவரை மறுத்துப் பேசுங்கள்.

முன்கூட்டியே சமாதானத்தைக் கட்டிவைத்த ஒருவரும் உண்டு. பாபிலான் 5 தொடரை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி, ஐந்து ஆண்டுக் கதையை முதலிலேயே வகுத்து, 110 எபிசோடுகளில் 92ஐத் தாமே எழுதினார். நடிகர் யாரேனும் விலகினால் கதை சிதையாதபடி ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் ஒரு வெளியேறும் வழி வைத்திருந்தார். முதல் பருவத்தோடு தலைமை நடிகர் மைக்கேல் ஓஹேர் போனபோது அந்த வழி பயன்பட்டது. அவருடைய சின்க்ளேர் பாத்திரத்தின் முடிவு 1996இல் காட்டப்பட்டபோது, அது தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் திட்டமிடப்பட்டது போலத் தோன்றியது. உருவாக்கியவரே தொடர் முழுவதையும் தலையில் வைத்திருந்தால் ரசிகர்களுக்கு வேலை குறைவு. ஆனால் அப்படிப்பட்ட தொடர்கள் அரிது.

கடைசியாக, வாயேஜர் கப்பலின் ஃபோட்டான் டார்பிடோ கணக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1995இல் முதல் பருவத்திலேயே, கையிருப்பு 38, தீர்ந்தால் ஈடு செய்ய வழியில்லை என்று தெளிவாகச் சொல்கிறார்கள். ஏழு பருவங்களில் அதைவிட மிகுதியாகச் சுட்டுத் தள்ளியதை ரசிகர்கள் எண்ணியே வைத்திருக்கிறார்கள். வழியில் செய்யக் கற்றுக்கொண்டார்கள் என்கிறார் பெரியப்பா. அவர் சொல்வது பொருந்துகிறது: 1998இல் அதே கப்பலில் டெல்டா ஃப்ளையர் என்ற புதிய சிறு கப்பலையே வடிவமைத்துக் கட்டுகிறார்கள், அது அழிந்தபின் இன்னொன்றும் கட்டுகிறார்கள். அதைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு டார்பிடோ பெரிய வேலையன்று. அந்தத் திறனைத் திரையிலேயே காட்டியும் இருக்கிறார்கள். ஆகவே எண்ணிக்கை வழக்கில் பெரியப்பாவுக்கே வெற்றி. ஆனால் உங்களை அந்த இடத்தில் உறுத்தியது எண்ணிக்கை மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள். 70,000 ஒளியாண்டு தொலைவில், கையிருப்பை எண்ணி எண்ணிச் செலவழித்து வீடு திரும்பும் கப்பல் என்று சொல்லித்தான் அத்தொடர் நம்மை அழைத்தது. சில வாரங்களில் அந்தப் பற்றாக்குறையைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. டார்பிடோ எப்படி வந்தது என்பதற்குப் பெரியப்பா சொன்னது போதும். அந்தக் கைவிடலுக்கு அவராலும் காரணம் சொல்ல முடியாது, சொல்லும்படி நாம் கேட்கவும் வேண்டியதில்லை.